அவரு பேரு என்ன?

என் மச்சினன் வீடு கட்டுகிறான். வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே வருகிறவர்களை நிறுத்தி, சிமென்ட் என்ன விலை, கம்பி என்ன விலை என்று சொல்லாமல் விடமாட்டார்கள். இவனுக்கு அது முற்றிப் போய், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான்.

"அத்தான், தரைக்கு ஆத்தங்குடிக் கல்லுதான்னு முடிவு பண்ணிட்டேன். நேர்ல போய்த் தடவிப் பார்த்துத்தான் வாங்கணும். நாளைக்குக் கிளம்பறோம், நீங்களும் வாங்க."

கிளம்பிவிட்டேன். டைல்ஸ் மேல் ஆசையினால் அல்ல ஸார், ஆபீஸ் மேல் கோபத்தினால்.

கதை சின்னதுதான். மூன்று வாரம் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து 42 பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணினேன். வியாழக்கிழமை மீட்டிங்கில் எங்கள் மேலதிகாரி அதைக் கணீரென்று படித்தார். கமா விடாமல் படித்தார். நான் தப்பாகப் போட்ட ஒரு கமாவைக் கூட விடவில்லை. தலைமை ஆபீஸிலிருந்து வந்த பெரியவர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய? எனக்குக் கிடைத்தது ஒரு சமோசா. அதுவும் ஆறிப் போனது.

காரில் மதுரை தாண்டும் வரை மச்சினனிடம் இதையே புலம்பிக்கொண்டு வந்தேன். அவன் பதிலுக்கு மணல் விலை சொல்லிக்கொண்டு வந்தான். இப்படித்தான் நல்ல உறவுகள் நீடிக்கின்றன.

* * *

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று கூட. ஆத்தங்குடி. பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே யாராவது தொலைந்து போனால் தேட ஆள் அனுப்ப வேண்டும் போல.

கல் போடுகிற கொட்டகை ஒன்றில் நுழைந்தோம். எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப்பு, உக்காருங்க. இந்தக் கல்லை முடிச்சிட்டு வந்துர்றேன்."

ஆத்தங்குடிக் கல் எப்படித் தயாராகிறது என்று நீங்கள் பார்க்கவேண்டும். முதலில் ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைக்கிறார். அதன்மேல் ஒரு சட்டம். அதற்குள் பூவும் கொடியுமாகத் தகட்டில் ஓர் அச்சு. கலர் கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் மொண்டு, சிவப்புக்கு ஒரு கட்டம், மஞ்சளுக்கு ஒரு கட்டம், பச்சைக்கு ஒரு கட்டம் என்று ஊற்றுகிறார். அச்சைத் தூக்கினால் கலர்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கிறது! மேலே காய்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை பூசி, மட்டம் பார்த்து, ஓரமாக வைத்துவிடுகிறார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். மெஷின் கிடையாது, சூளை கிடையாது. அந்த ஊர் மண்ணும் கைப்பழக்கமும்தான்.

அதாவது, கல்லைக் குப்புறப் போட்டுச் செய்கிறார்கள். முகம் கீழே, முதுகு மேலே. கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் முகம் பளபளவென்று வருகிறது.

"இந்தப் பளபளப்புக்கு என்ன போடறீங்க?" என்று மச்சினன் கேட்டான்.

"ஒண்ணும் போடலை. அது கண்ணாடி குடுத்தது."

"கண்ணாடியை என்ன பண்ணுவீங்க?"

"அது எங்க போகும்? இங்கேயேதான் கெடக்கும். அடுத்த கல்லு போடணும்ல?"

எனக்கு அந்த ஆறிப்போன சமோசா ஞாபகம் வந்தது.

* * *

கொட்டகை மூலையில் ஒரு பையன், வேலை பார்த்தபடியே சுவரில் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். 'மைக்கேல் மதன காமராஜன்'. கல்யாண வீடு, சமையல்கட்டு, சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட களேபரம். 1990-ல் வந்த படம். அந்தப் பையனுடைய அப்பாவே அப்போது டவுசரில் இருந்திருப்பார். ஆனாலும் கொட்டகையே சிரித்தது. பெரியவருக்குத் தோள் குலுங்கிக் கலர் சிந்திவிட்டது.

"இந்தா இந்த அய்யரு வர்றாரே, சமையக்காரரு... அவரு பேரு என்ன?" என்றார் சிரிப்புக்கு நடுவே.

பையன் யோசித்தான். "அவரு... எல்லாப் படத்துலயும் வருவாரே."

பக்கத்திலிருந்தவர், "நாயகன்ல கூட வருவாரப்பா."

"அவ்வை சண்முகில மாமியையே சுத்திச் சுத்தி வருவாரு."

படம் படமாகச் சொல்கிறார்கள். பேர் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

"டெல்லி கணேஷ்" என்றேன்.

"ஆங்! அவருதான்! நல்லாருக்காரா?"

"இல்லீங்க. 2024 நவம்பர் 9-ம் தேதி ராத்திரி போயிட்டார். 80 வயசு."

பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"பேரு தெரியாமலே ஒரு மனுசன்கூட இத்தனை வருசம் பழகியிருக்கோம் பாருங்கப்பு."

* * *

ஆபீஸ் போகும் நண்பர்களே, இந்த மனிதரின் ஜாதகத்தைக் கொஞ்சம் கேளுங்கள். நமக்கு வேண்டியது இதில் நிறைய இருக்கிறது.

1944 ஆகஸ்ட் 1-ம் தேதி, நெல்லைச் சீமையில் வல்லநாட்டில் பிறந்தவர். பெயர் கணேசன். 1964-ல் இந்திய விமானப் படையில் சேர்ந்தார். அரசாங்க வேலை, யூனிபாரம், மாசம் பிறந்தால் சம்பளம். பத்து வருஷம் இருந்தார். அந்தக் காலத்திலேயே டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து மேடை ஏறினார். பகலில் சல்யூட், சாயங்காலம் ஒத்திகை.

1974-ல் வேலையை விட்டார். படையில் கீழ்மட்டத்து ஆட்களுக்கு 15 வருஷம் முடித்தால்தான் பென்ஷன். பத்து வருஷத்தில் வெளியே வருவது, பந்தியில் பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்திருப்பது மாதிரி. நீங்களும் நானும் எழுந்திருப்போமா? இன்க்ரிமென்ட் மாசம் எது என்று பார்த்துத்தானே நாம் காய்ச்சலில் படுப்பதே!

சென்னைக்கு வந்தார். கே. பாலசந்தர் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் நடிக்க வைத்தார். விசுவின் நாடகம் படமானது அது. சிவாஜி ராவை ரஜினிகாந்த் ஆக்கின அதே கை, இந்தக் கணேசனை 'டெல்லி கணேஷ்' ஆக்கியது. ஏற்கெனவே சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன் என்று ரெண்டு பேர் கோட்டை கட்டி ஆண்ட இடம். மூன்றாவது கணேசன் ஊர்ப்பேரை மாட்டிக்கொண்டு ஓரமாக நுழைந்தார். பிறந்தது வல்லநாடு, பேரில் மட்டும் டெல்லி!

ஓரமாக நுழைந்தவர், 400 படங்களுக்கு மேல் அந்த ஓரத்திலேயே நின்றார்.

1979-ல் 'பசி'. துரை டைரக்ட் செய்தது. குப்பத்தில் ரிக்‌ஷா ஓட்டுகிற அப்பாவாக வந்தார். மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இவருக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு. தேசிய விருதில் இவருக்கு ஏன் இல்லை என்று கேட்கவே முடியாது ஸார். ஏனென்றால் துணை நடிகர் என்ற பிரிவே அப்போது அதில் கிடையாது. 1984-ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் அதைச் சேர்த்தார்கள். தேசிய விருது தொடங்கி முப்பது வருஷமாக, ஹீரோவுக்குப் பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார் என்பதையே டெல்லி சர்க்கார் கவனிக்கவில்லை. 'டெல்லி' என்று பேர் வைத்துக்கொண்டும் பலிக்கவில்லை!

1985-ல் 'சிந்து பைரவி'. அதில் இவருக்கு என்ன வேஷம் தெரியுமா? மிருதங்க வித்வான். அதாவது, பக்கவாத்தியம். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்த குற்றத்துக்காகப் பாடகர் இவரை ஒதுக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடுவார். பின்னால் அதே பாடகர் குடியில் விழுவார் என்பது கதை. வெறும் கை, வெறும் மடி என்று மனிதர் குறுகி நிற்பதைப் பாருங்கள். ஆபீஸில் மெமோ வாங்கிக்கொண்டு சீட்டுக்குத் திரும்பி வந்த யாருக்கும் அந்த முகம் தெரியும்.

1987-ல் 'நாயகன்'. வேலு நாயக்கருக்கு ஹிந்தி தெரியாது. பம்பாயில் ஹிந்தி தெரியாமல் தாதாவாக இருப்பது எப்படி? பக்கத்தில் ஓர் அய்யர் நிற்பார். நாயக்கர் தமிழில் சொல்வதை ஹிந்தியில் எடுத்துச் சொல்வார். மிரட்டல் நாயக்கருடையது, வாய் அய்யருடையது!

1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர். 1990-ல் பாலக்காட்டு மணி அய்யர். 1996-ல் 'அவ்வை சண்முகி'யில் பெரிய வீட்டுக் காரியதரிசி. ஒரே மனிதர், ரிக்‌ஷாக்காரர், வில்லன், சமையல்காரர், மிருதங்கக்காரர். இவர்களில் யாரும் இன்னொருவர் மாதிரி இருக்கமாட்டார்கள்.

இவருடைய வித்தை என்ன என்று யோசித்திருக்கிறேன். ரொம்ப சாதாரணமானது. எதிராளி பேசும்போது இவர் கேட்பார். நிஜமாகவே கேட்பார். பல நடிகர்கள், அடுத்தவர் வசனம் எப்போது முடியும், நம்முடையது எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். மீட்டிங்கில் நாம் செய்வது போல. டெல்லி கணேஷ் கேட்பதைப் பார்த்தால், பேசுகிறவர் சொல்வது முக்கியமான விஷயம் என்று நமக்கே தோன்றிவிடும். ஹீரோவின் பளபளப்பில் பாதி அங்கிருந்து வந்தது.

* * *

கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். காரைக்குடிக்குள் நுழைந்தபோது டிரைவர், "இந்த ஊர்லதான் சார் ஏவிஎம் ஸ்டூடியோ மொதல்ல இருந்துச்சு" என்றார்.

உண்மை. ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இந்த ஊரில் கொட்டகை போட்டு எடுத்த படம். மறு வருஷம்தான் கோடம்பாக்கத்துக்குப் போனார்கள். அதற்கும் முன்னால் அவர் இன்னொரு காரியம் செய்தார். 'ஹரிச்சந்திரா' என்று கன்னடத்தில் எடுத்த படத்துக்குத் தமிழில் குரல் கொடுக்க வைத்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவிலேயே முதல் டப்பிங் படம் அதுதான் என்கிறார்கள். பொய்யே பேசாத ஹரிச்சந்திரன், முதல் தடவையாக வேறொருவர் குரலில் உண்மை பேசினான்! டெல்லி கணேஷ் பிறந்ததும் அதே 1944.

அவரும் டப்பிங் கொடுத்தவர். 1981-ல் கே.பி. எடுத்த '47 நாட்கள்' படத்தில் ஜெயப்ரதாவைக் கல்யாணம் செய்து பாரீஸுக்குக் கூட்டிப் போய் ஏமாற்றுவாரே சிரஞ்சீவி, அவர் தமிழில் பேசியது டெல்லி கணேஷ் குரலில்தான். டீக்கடையில் இதைச் சொன்னால் பந்தயம் கட்டுவார்கள். தாராளமாகக் கட்டுங்கள்.

டப்பிங் என்றால் பார்த்துப் படிப்பதுதானே என்று நினைக்காதீர்கள். இருட்டு அறை. எதிரே திரையில் யாரோ ஒருவருடைய வாய். அது திறக்கும்போது இவர் திறக்கவேண்டும், மூடும்போது மூடவேண்டும். நம் தமிழ் வாத்தியார் சொல்வாரே, 341-வது குறளைச் சொன்னால் உதடு ஒட்டாது, 350-வது குறளைச் சொன்னால் ஒட்டும் என்று. அதே கணக்குதான். திரையில் உதடு ஒட்டினால் தமிழ் வசனத்திலும் அந்த இடத்தில் ப, ம என்று ஏதாவது விழவேண்டும். விழாவிட்டால் குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வசனம் மட்டும் போதாது. இருமல், பெருமூச்சு, படி ஏறுகிற இரைப்பு, அழுகைக்கு முன்னால் தொண்டை அடைக்கிற அந்தச் சின்ன 'க்' எல்லாம் நின்ற இடத்தில் நின்று கொடுக்கவேண்டும். அடி வாங்குகிறவர் திரையில், 'ஆ' என்கிறவர் மைக் முன்னால்.

இப்படி எத்தனை பேர்! மோகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் அக்காக்களின் தூக்கத்தைக் கெடுத்தாரே, பேசியது எஸ்.என். சுரேந்தர். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியது அப்போது சான்ஸ் தேடிக்கொண்டிருந்த விக்ரம். அங்கே ரஷ்யாவில் 1954-ல் 'ஆவாரா' ஓடு ஓடென்று ஓடியதே, அதில் ராஜ் கபூர் ரஷ்ய மொழியில் அல்லவா பேசினார்! அந்த ஊர்க் கலைஞர் ஒருவர் இருட்டு அறையில் நின்று பேசியிருக்கிறார். உருகியவர்கள் ராஜ் கபூரை நினைத்து உருகினார்கள். பேசியவர் வீட்டுக்கு பஸ் பிடித்துப் போயிருப்பார்.

"பார்த்தியா மாப்ளே, என் கேஸும் இதேதான். 42 பக்கமும் நான். வாய் மட்டும் அவருது" என்றேன்.

மச்சினன் முதல் தடவையாகக் கல் விலையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"சரி அத்தான், அந்த 42 பக்கமும் நீங்களேவா பண்ணினீங்க?"

"பின்னே?"

"கணக்கெல்லாம்?"

"அது... ஒரு பையன் இருக்கான். புதுசா சேர்ந்தவன். பழைய பைலெல்லாம் தோண்டி எடுத்து அட்டவணை போட்டுக் கொடுத்தான். பதினஞ்சு பக்கம் இருக்கும்."

"அவன் பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். இனிஷியல் ஞாபகம் வந்தது. எந்த மேஜை என்று ஞாபகம் வந்தது. நெற்றியில் திருநீறு, டிபன் பாக்ஸில் தினமும் தயிர் சாதம், எல்லாம் வந்தது. பேர் வரவில்லை. அட்டவணைகளுக்குக் கீழே அவன் பேரைப் போடவேண்டும் என்பது மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மிருதங்கம் மேல் எல்லோருக்கும் இரக்கம் உண்டு ஸார். ஆனால் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கஞ்சிரா என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை மிருதங்கமே திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்கப்புறம் திருச்சி வரை நான் புலம்பவில்லை. மச்சினன்தான், "உடம்பு சரியில்லையா அத்தான்?" என்று கேட்டான்.

* * *

டெல்லி கணேஷ் கடைசி வரை வேலை பார்த்தார். 2024-ல் வந்த 'அரண்மனை 4', 'இந்தியன் 2' இரண்டிலும் இருந்தார். 1994-ல் கலைமாமணி கொடுத்திருந்தார்கள். அவர் இறந்தபோது சினிமாக்காரர்கள் வந்தார்கள், ரசிகர்கள் வந்தார்கள். விமானப் படையிலிருந்தும் வந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்டுப்போன ஒரு வீரருக்கு மரியாதை செலுத்தினார்கள். பழைய ஆபீஸ் நம்மை ஞாபகம் வைத்திருப்பது எவ்வளவு அபூர்வம்! போன வருஷம் ரிட்டயர் ஆனவரின் நாற்காலியில் இப்போது யார் என்றே நமக்குத் தெரியும், அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

ஓரத்தில் நிற்பது கேவலம் என்று நான் இனி சொல்லமாட்டேன். ஒருவர் 400 படங்களில் ஓரத்தில் நின்று, ஆத்தங்குடிக் கொட்டகையில் ஒரு கிழவரைக் கரண்டியைக் கீழே வைக்க வைத்திருக்கிறார். அது சின்ன சமாசாரம் இல்லை. ஆனால், ஓரத்தில் நிற்பவரின் பேரைச் சொல்லாமல் இருப்பது கேவலம். படத்தில் கடைசியிலாவது பேர் போடுகிறார்கள். நாம்தான் அதற்குள் ஸ்கூட்டர் எடுக்கக் கிளம்பிவிடுகிறோம். ஆபீஸில் அதுவும் கிடையாது.

திங்கட்கிழமை சீக்கிரமே போனேன். ரிப்போர்ட்டின் பைல் காப்பியை எடுத்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பையன் பேரைத் தெரிந்துகொண்டேன். அட்டவணைகளின் கீழே 'தொகுத்தவர்' என்று போட்டு முழுப் பேரையும் டைப் அடித்து, ஒரு குறிப்போடு மேலதிகாரிக்கு அனுப்பினேன்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குறிப்பை ரெண்டு தடவை படித்தார்.

"யாருய்யா இது?"

"அந்தப் பதினஞ்சு பக்கம் இவன் பண்ணினது ஸார். விட்டுப் போச்சு."

ஒன்றும் சொல்லவில்லை. சுழித்துக் கையெழுத்துப் போட்டார். நான் வாசல் வரை போனதும், "இருங்க" என்றார். பேனாவைத் திருகி மூடினார்.

"மிச்சம் 27 பக்கத்துக்கு அடியிலே யார் பேரையும் காணோமே? அது என்ன, தானா முளைச்சுதா? உங்க பேரையும் போட்டு எடுத்துட்டு வாங்க."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. போன வாரம் முழுக்க இவரைத் திட்டினேனே தவிர, ரிப்போர்ட்டில் என் பேரைப் போட நானே மறந்திருக்கிறேன்!

பையன் சீட்டில் இல்லை. கேன்டீனில் இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டான், பாவம். ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.

ரெண்டு சமோசா சொன்னேன். சூடாக.